சாவி இல்லாத பூட்டும் பூட்டு இல்லாத சாவியும்

காரைக்குடி உமையாள் பழம்பொருள்களை இணையத்தில் விற்பவள். விற்பவர்களில் அபூர்வப் பிறவி: உள்ளதை மட்டும் எழுதுவாள். நெளிவு என்றால் நெளிவு, முலாம் என்றால் முலாம். "இந்தம்மா எழுதியிருந்தால் பொருள் அப்படித்தான் இருக்கும்" என்று வாங்கியவர்கள் சொல்லத் தொடங்கிய பிறகே அவள் கடை ஓடியது. அந்தப் பேர் போனால் கடையும் போயிற்று.

இடித்த வீடொன்றிலிருந்து மூட்டையாக வாங்கிய இரும்புச் சாமான்களில் பூட்டியபடியே ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு கிடந்தது. மூட்டையில் இருந்த சாவிகளை எல்லாம் ஒவ்வொன்றாக நுழைத்து வலப்பக்கம் திருகினாள். அசையவில்லை. பூட்டைத் தனியாக, "சாவி இல்லாத பூட்டு" என்று விலைக்குப் போட்டாள். சாவிகளில் வடிவான ஒன்றை, "பூட்டு இல்லாத சாவி" என்று போட்டாள்.

இரண்டும் ஒரே வாரத்தில் விற்றன. பூட்டை வாங்கிய ஹால்வார் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "சாவி இல்லாமல் பூட்டுகளைத் திறப்பது என் ஆசை. இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள். கண்டுபிடிப்பது என் பாடு." சாவியை வாங்கிய லூசெத்தும் எழுதியிருந்தாள்: "எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சாவி ஒன்று வீட்டில் இருந்தது. புயலில் போய்விட்டது. இது அதைப் போலவே இருக்கிறது. இதன் பூட்டைப் பற்றி எப்போது ஏதாவது தெரியவந்தாலும் எழுதுங்கள்."

இருவர் முகவரியும் சென்னை மாதவரத்தில் ஒரே கட்டடம். அறை எண்தான் வேறு.

"பூட்டு புருஷனுக்கு, சாவி பொஞ்சாதிக்கு. வெவரமான குடும்பம்" என்றான் உமையாளின் கணவன் சாத்தப்பன்.

ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு பார்சல்? உமையாள் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, இரண்டு பெயரையும் மேலே எழுதி அனுப்பிவிட்டாள்.

மாதவரத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவன் இன்பராஜ்.

"மேடம், இது வீடு இல்ல, கிடங்கு. நீங்க அறைன்னு நெனச்சது அலமாரித் தட்டு. வெளிநாட்டுக்காரங்க எங்ககிட்ட ஒரு நம்பர் வாங்கிக்குவாங்க. இங்க வர்றதப் பிரிச்சு, மறுபடி கட்டி, அவங்க ஊருக்கு அனுப்புவோம். ஹால்வார் நார்வேல இருக்காரு. அந்தம்மா குவாதலூப்புன்னு ஒரு தீவுல."

"அப்ப புருஷன் பொஞ்சாதி இல்லையா?"

"ஒருத்தர ஒருத்தர் தெரியவே தெரியாது மேடம். அது கெடக்கட்டும், நான் ஒரு வேலை பண்ணிட்டேன். ரெண்டும் ஒண்ணா இருந்துச்சா, சாவியப் பூட்டுல விட்டுப் பாத்தேன். தெறந்துடுச்சு."

"நான் திருகாத திருகா!"

"நான் எடது கை மேடம். எடப்பக்கம் திருகினேன்."

உமையாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரே மூட்டையில் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தவை, கடலின் இரு கோடிகளுக்குப் புறப்பட்டவை. நார்வேயும் குவாதலூப்பும் அடுத்தடுத்த தட்டுகளாக இருக்கும் ஓர் அலமாரிக்கு முன்னால், அவள் மிச்சம் பிடித்த ஓர் அட்டைப்பெட்டியால், அவை சந்தித்துவிட்டன.

கையோடு கவலையும் வந்தது. அவள் எழுதிய இரண்டு குறிப்பும் இப்போது பொய்.

"திரும்பப் பூட்டிட்டேன். அது அதுக்கு உண்டான எடத்துக்கு அனுப்பிடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க மேடம்" என்றான் இன்பராஜ். "ரெண்டு பேரும் கேட்டது கேட்டபடி போய்ச் சேரும். யாருக்கு நஷ்டம்?"

"அதெப்படி? ரெண்டு பேருக்கும் எழுதிரு உமையா" என்றான் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சாத்தப்பன். "நாளைக்குத் தெரிஞ்சா, தெரிஞ்சே மறைச்சாள்னு பேராகும். இத்தன நாள் கட்டிக் காத்தது என்னத்துக்கு?"

உமையாள் இரண்டு கடிதத்தையும் எழுதி முடித்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது.

கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: இன்பராஜ் சொன்னது சரியா, சாத்தப்பன் சொன்னது சரியா? உமையாள் எந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டும்?

விடை: இருவரும் பாதி சரி. உண்மை ஒன்றே ஆனாலும் வாங்கியவர்கள் இருவர். ஹால்வார் விலை கொடுத்தது பூட்டுக்கு மட்டுமல்ல, அதைப் பற்றிய அறியாமைக்கும் சேர்த்து. சொன்னால், விற்ற பொருளைத் திரும்பப் பிடுங்கியதாகும். அவரே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதால், சொல்லாதது மறைப்பும் ஆகாது. லூசெத் கேட்டதோ, எப்போது தெரியவந்தாலும் எழுது என்று. அவளிடம் மறைத்தால், அவளுடையதைத் தானே வைத்துக்கொண்டதாகும். ஆகவே உமையாள் ஹால்வார் கடிதத்தை அழித்தாள். மற்றதை, பூட்டு யாரிடம் போகிறது என்பதை மட்டும் நீக்கிவிட்டு, அனுப்பினாள். லூசெத்திடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "திறந்தபோது என்ன சத்தம் கேட்டது?" உமையாள் மாதவரத்துக்குப் பேசினாள். கிடங்கின் இரைச்சலுக்கு நடுவே இன்பராஜ் கேள்வியை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டான். "கதை கேக்கறவங்க 'ம்' கொட்டுவாங்கல்ல மேடம், அந்த மாதிரி" என்றான்.