நாள் சொல்லாமல் கட்டிய காப்பு

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. கை பேசின கதை.

ஆற்றங்கரையில் ஆனைக்கல் என்று ஓர் ஊர். அங்கே அம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மணிக்கட்டில் காப்பு நூல் கட்டுகிறவள் வேலாத்தா. மலையடியில் ஒரு மடம், ஒரு கிணறு, கொஞ்சம் ஆடுகள், அவ்வளவுதான் அவள் சொத்து. அந்த வட்டாரத்துக்கே பெரிய அதிகாரியான மாசிலாமணி அவளுக்குச் சீடர். பிறந்தது அதே ஊரில், இப்போது வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஜீப்பையும் செருப்பையும் வேலிக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் மடத்துக்குள் வருவார்.

நோம்பிக்கு முன்னால் எல்லார் போனிலும் ஒரு புரளி வந்தது. பிள்ளை பிடிக்கிறவன் மொபெட்டில் திரிகிறானாம். அந்த நேரம் பார்த்து மொபெட்டில் போர்வை விற்க வந்து சேர்ந்தான் இசக்கிராஜ். தெற்கத்திக்காரன். காதும் கேட்காது, பேச்சும் வராது. "பேர் என்னடா?" என்று மறித்துக் கேட்டார்கள். கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னான். "மந்திரம் போடறான்டா!" என்று எவனோ கத்தினான். அடி விழுந்தது. மாசிலாமணியின் ஜீப் வருவதற்குள் இடது கை முறிந்துவிட்டது.

அன்றைக்கே மாசிலாமணி வட்டாரம் முழுக்க இன்டர்நெட்டை நிறுத்தினார். இசக்கிராஜுக்குக் கட்டுப் போட்டு, வாசலில் போலீஸ் நிறுத்தி, மடத்தில் பத்திரமாக வைத்தார். ஒரு நாளைக்கு என்று தொடங்கிய தடை வாரக்கணக்கில் நீண்டது.

காப்புக் கட்டு அன்று மறுபடி வந்தார். தடையை நீட்டுவதா எடுப்பதா என்று பொழுது சாய்வதற்குள் அவர் சொல்லியாக வேண்டும்.

"நீட்டிடலாம்னு இருக்கறனுங்க ஆத்தா. ஊரு அடங்கிக் கெடக்குது."

"ஆமாங்க. என்ற ஆடுகூடக் கத்தறதில்லை."

"கேலி பண்ணாதீங்க. அன்னிக்கு நிறுத்தாம விட்டிருந்தா இன்னும் நாலு பேரு அடிபட்டிருப்பாங்க."

"அன்னிக்கு நீங்க பண்ணுனது சரிதானுங்க."

"அப்ப இன்னிக்கு?"

வேலாத்தா நூலில் மஞ்சளைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "உத்தரவுல என்ன காரணம் எழுதியிருக்கறீங்க?"

"பொதுமக்கள் பாதுகாப்புக் கருதின்னு."

"காப்பா? நல்ல சொல்லு. கையை நீட்டுங்க கண்ணு."

நீட்டினார். கட்டினாள்.

அந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காப்புக் கட்டிக்கொண்டவர் அதை அவிழ்க்கிற வரைக்கும் ஆறு தாண்டக் கூடாது. கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். கட்டும்போதே, அவிழ்க்கிற நாளை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வேலாத்தா முடிச்சை இறுக்கினாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிட்டாள்.

"ஆத்தா, அவுக்கற நாளைச் சொல்லலீங்களே?"

"நெலமை சீரானதும் அவுத்துக்கலாம்."

"அது எப்பங்க?"

"மறு உத்தரவு வார வரைக்கும்."

"யாரு உத்தரவு?"

"என்ற உத்தரவுதானுங்க."

மாசிலாமணி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. மறுநாள் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம். நூல்தானே, ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு. விரல் முடிச்சு வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை.

"எனக்கு ஏனுங்க இந்தக் கட்டு?"

"உங்க பாதுகாப்புக்குத்தான். ஆத்துல வெள்ளம் வந்தாலும் வரும்."

ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். இசக்கிராஜ் தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். போனில் படம் ஒன்றும் இல்லை. வலது கை மட்டும் காற்றில் போய் வந்துகொண்டிருந்தது. கட்டுக்குள் இருந்த இடது கை கூடச் சேரப் பார்த்து நடுங்கியது.

"சாமி கும்பிடறானுங்களா?"

"பொண்டாட்டிகிட்டப் பேசறான். அவளுக்கும் காது கேக்காது. மாசம் நெறஞ்ச புள்ளை."

"நெட்டே இல்லீங்களே!"

"அது அவனுக்கும் தெரியுங்க."

மாசிலாமணி குரலை அடக்கிக்கொண்டு கேட்டார். "எழுதிக் காட்டலாமில்ல?"

"ரெண்டு பேருக்குமே எழுத்து தெரியாதுங்க. நானே அவ பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். வலி எடுத்து ஆசுபத்திரிக்குப் போயிட்டாளாம். அதை இவனுக்கு எந்தக் கையால சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

இசக்கிராஜ் திரும்பினான். அதிகாரியின் மணிக்கட்டில் மஞ்சள் நூலைப் பார்த்தான். தன் கட்டுப் போட்ட கையைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சிரித்தான்.

மாசிலாமணியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தெறந்துவிட்டு, நாளைக்கு இன்னொருத்தன் அடிபட்டா, அந்தப் பழி யாரு மேலைங்க ஆத்தா?"

"அன்னிக்கு இவனை அடிக்கற சேதி உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண், கூட்டத்துக்குள்ளிருந்து போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். 'இவர் ஊமை, சீக்கிரம் வாங்க' என்று. அதைப் பார்த்துத்தான் ஜீப் கிளம்பியது.

மாசிலாமணி வெளியே போய் போன் போட்டார். "தெறந்துவிடுங்க. புரளியை எவன் கெளப்புனான்னு தேடுங்க. நம்ம ஜீப்பு நோம்பி முடியற வரைக்கும் ஊருக்குள்ளயே நிக்கட்டும்."

வெயில் இறங்குகிற நேரம் குடத்தோரம் போனில் வெளிச்சம் வந்தது. இசக்கிராஜ் போனைத் தூக்கினான். ஒரே கை, அது போனைப் பிடித்தால் பேச்சு இல்லை. மாசிலாமணி ஓடிப்போய் வாங்கி, காப்புக் கட்டிய கையால் அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்தது. ஒருத்தி தெரிந்தாள். துணி மூட்டை மாதிரி ஒன்றை மடியில் வைத்துவிட்டு அவள் இரண்டு கையாலும் பேச, இவன் ஒரு கையால் பேச, ஒரு சத்தம் இல்லை. வாசல் போலீஸ்காரர் எட்டிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். மாசிலாமணிக்குத் தோள் கடுத்தது. கையை இறக்கவில்லை.

பேசி முடித்து இசக்கிராஜ் அழுதான், சிரித்தான். அப்புறம் மாசிலாமணி வேலாத்தா முன்னால் மணிக்கட்டை நீட்டினார்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஆத்துல விட்டுடட்டுங்களா?"

அவிழ்த்த காப்பை ஆற்றில் விடுவதுதான் வழக்கம். வேலாத்தா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து, உத்தரவுகளில் கையெழுத்துப் போடுகிற பேனாவை உருவினாள். அந்த நூலை அதில் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, திரும்பவும் அவர் பையிலேயே செருகினாள்.