எந்த நிறத்தில் நிறுத்துவது

ஐம்பத்தெட்டு வயதில் நாச்சிமுத்துவுக்கு இரும்பின் மேல் ஆசை வந்தது.

அதுவரை அவர் திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் நிறம் பார்ப்பவராக இருந்தார். வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு துணித்துண்டு வரும். அதே நிறத்தில் ஆயிரம் கிலோ துணி சாயமேற வேண்டும். ஏறிவிட்டதா இல்லையா என்று சொல்வது நாச்சிமுத்துவின் கண்தான். முப்பது வருஷத்தில் அவர் சரி என்று அனுப்பிய துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுமாதம் கார் ஷெட்டைக் காலி செய்து சின்னதாக ஓர் உலை வைத்தார். வீடியோ பார்த்துப் பார்த்துக் கொக்கி செய்தார், கதவுத் தாழ்ப்பாள் செய்தார். வீட்டில் ஓர் ஆணி அடிக்க ஆள் கூப்பிடுகிறவர் இப்படி ஆகிவிட்டாரே என்று மனைவி சொந்தபந்தங்களிடம் சொல்லிச் சிரித்தார். கருவிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மூன்று சுத்தியல், ஐந்து குறடு, தோல் மேலங்கி, சூட்டை எட்ட நின்றே அளக்கும் துப்பாக்கி போன்ற ஒரு மீட்டர். பழைய இரும்புக் கடைகளில் நாலு மாதம் அலைந்து ஒரு பட்டடையும் பிடித்துவிட்டார். காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கிற அந்த இரும்புக் கட்டையைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

பிறகு கத்தி செய்தார். மூன்று செய்தார். மூன்றும் முனை மடங்கிப்போயின.

இரும்பு வளைந்து கொடுத்தது. கெட்டிப்பட மாட்டேன் என்றது.

அப்போதுதான் யாரோ வளர்மதியின் பெயரைச் சொன்னார்கள்.

பூண்டிப் பக்கம் சாலையின் இரண்டு புறமும் கல்சிற்பக் கூடங்கள். மெஷின் அறுத்துப் போட்ட கல்லில் முகமும் விரலும் கொண்டுவர இன்றைக்கும் உளிதான் வேண்டும். ஒருநாள் கொத்தினால் உளி மழுங்கிவிடும். காலையில் சாக்குப் பையில் வரும் உளிகளை வளர்மதி காய்ச்சி, அடித்து, கூராக்கி, மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார். வயது முப்பத்தாறு. யாரிடம் தொழில் கற்றார் என்று சிற்பிகள் கேட்டதில்லை. உளி உடையாமல் நின்றது. அது போதும் அவர்களுக்கு.

பட்டடை முதல் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு நாச்சிமுத்து போன அன்று வளர்மதி அவர் காரின் பின்கதவைத் திறந்து கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குறட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். சுத்தியலால் பட்டடையில் ஒரு தட்டுத் தட்டினார். சுத்தியல் துள்ளி அவர் கைக்கே வந்தது.

“நல்ல பட்டடைங்க சார். எங்க புடிச்சீங்க?”

“சேலத்துலங்க அம்மணி.”

“கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டுங்களா? இதுல அடிச்சா கை வலிக்காது.”

நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியிலேயே கேட்டுவிட்டார்.

“எந்த நிறத்துல நிறுத்தணுங்க அம்மணி?”

கேட்டது தோய்ச்சலைப் பற்றி. காய்ச்சிய உளியின் நுனியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினால், மேலே மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி இறங்கும். இறங்க இறங்க நிறம் மாறும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வேண்டிய நிறம் நுனிக்கு வந்ததும் மறுபடி முக்கி நிறுத்திவிட வேண்டும். முந்தினால் இரும்பு கண்ணாடிபோல் கெட்டியாகி உடையும். பிந்தினால் மெத்தென்று மடங்கும்.

வளர்மதி உலையிலிருந்து ஓர் உளியை எடுத்தார். முக்கினார், தேய்த்தார், பார்த்தார், மறுபடி முக்கினார்.

“மஞ்சள்” என்றார் நாச்சிமுத்து.

அடுத்த உளியை வளர்மதி பழுப்பில் நிறுத்தினார். அதற்கடுத்தது மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவில். நாலாவது ஊதாவைத் தாண்டிவிட்டது.

“எதுங்க அம்மணி சரி?”

“நாலும் சரிங்க.”

அன்றிலிருந்து நாச்சிமுத்து தினமும் வந்தார். கரி அள்ளினார், ஊதுகுழாய்ச் சக்கரத்தைச் சுற்றினார், உளியை அடித்துக் கூராக்கக் கற்றார். கையில் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது. ஒவ்வொரு உளியும் எந்த நிறத்தில் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். வளர்மதி ஒருநாள் அதை வாங்கிப் புரட்டினார்.

“மஞ்சள்லயே ஏழு எழுதி வெச்சிருக்கீங்க?”

“ஏழு இருக்குதுங்களே.”

“எனக்கு மூணுதான் தெரியுது. இப்படி ஒரு கண்ணை நான் பாத்ததே இல்லீங்க.” உண்மையான வியப்போடுதான் சொன்னார்.

நாற்பது நாளில் ஆயிரத்துச் சொச்சம் உளிகள் நோட்டில் ஏறின. ஆனால் கணக்குப் பிடிபடவில்லை. தடித்த உளிக்கு ஒரு நிறம், மெல்லியதற்கு ஒரு நிறம் என்றால் அதுவும் இல்லை. ஒரே தடிமனில் இரண்டு உளி, ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா. காலை வெயிலா, தண்ணீரின் குளிரா, எதுவும் பொருந்தவில்லை.

இந்தம்மா எதையோ மறைக்கிறார் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. ஒருமுறை தோன்றியபின் அது போகவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வளர்மதிக்கு மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்தது.

“உளியையெல்லாம் கூராக்கி மட்டும் வெய்யுங்க சார். தோய்ச்சல் நான் வந்து போட்டுக்கறேன்.”

நாச்சிமுத்து தலையாட்டினார். பத்தொன்பது உளிகளையும் கூராக்கினார். உலை நன்றாகக் கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தார்.

மஞ்சள் நுனிக்கு வந்தது. முக்கினார். அரத்தால் தேய்த்துப் பார்த்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு கெட்டி!

பத்தொன்பதையும் போட்டு முடித்தார். வரிசையாக அடுக்கினார். பத்தொன்பது நுனியிலும் ஒரே மஞ்சள், ஒரே தொட்டியில் முக்கிய துணியைப் போல. அவர் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை. தண்டபாணி முதலாகச் சிற்பிகள் வந்து கேட்டபோது எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வளர்மதி திரும்பி வந்து, வண்டியில் இருந்தபடியே காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தார்.

“குடுத்துட்டீங்களா?”

“குடுத்துட்டேன் அம்மணி. எல்லாம் ஒரே நிறம். ஒரு நூல் பிசகில்லை.”

“தண்டபாணி வாங்கிட்டாரா?”

“மொதல்லயே வாங்கிட்டாருங்க.”

வளர்மதி வண்டியை விட்டு இறங்கவில்லை. அப்படியே திருப்பிக்கொண்டு போனார். என்னவென்று புரியாமல் நாச்சிமுத்து காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

தண்டபாணியின் கூடத்தில் உளிச் சத்தம் இல்லை. தண்டபாணி தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கருங்கல்லில் பாதி வந்த ஒரு நந்தி. அதன் காலடியில் நுனி உடைந்த உளி.

வளர்மதி துண்டை விலக்கிப் பார்த்தார். கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கன்னத்தில், இரும்புச் சில்லு ஒன்று ஏறியிருந்தது.

நாச்சிமுத்துவின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சில்லை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். டிங் என்று ஒரு சின்னச் சத்தம். இரண்டு தையல் போட்டார். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார்.

வெளியே வந்ததும் வளர்மதி தண்டபாணியின் முன்னால் நின்றார்.

“என் பட்டறையில இருந்து வந்த உளிங்க. தப்பு என்னுது.”

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். “இல்லீங்க, நாந்தான்… அம்மணி வேண்டாம்னு சொல்லியும் நாந்தான் போட்டேன்” என்றார்.

தண்டபாணி கட்டுப்போட்ட முகத்தோடு அவரைப் பார்த்தார்.

“கூரு நல்லா இருந்துதுங்க சார். அந்தக் குஷியிலதான் நான் ரெண்டு அடி ஓங்கிப் போட்டுட்டேன்.”

திட்டியிருந்தால் நாச்சிமுத்து தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பட்டடையை எடுத்துப்போக மூன்று ஆட்களோடு வந்தார். வளர்மதி அதில்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துட்டுப் போயிடறேன் அம்மணி. எனக்கு இது வேண்டாம்.”

“எடுத்துக்கங்க. பதினாறு உளி பாக்கி இருக்குதுங்க. சாயங்காலம் எடுக்கலாமுங்களா?”

“சரிங்க.”

“அதுவரைக்கும் சும்மா என்ன பண்ணுவீங்க?” வளர்மதி மூலையிலிருந்து ஓர் உளியை எடுத்து நீட்டினார். நேற்று நாச்சிமுத்து போட்ட மஞ்சள் உளிகளில் ஒன்று, வளர்மதி திரும்ப வாங்கி வைத்திருந்தது. “தண்டபாணி கூடத்துல உடைசல் கல்லு கெடக்கும். அதைக் கொத்திட்டு இருங்க.”

“இதுலயா? இது உடையுமுங்க!”

“கொத்திப் பாருங்க.”

ஆட்களை அனுப்பிவிட்டு நாச்சிமுத்து போனார். தண்டபாணி வாசலிலேயே இருந்தார். ஒரு கல்லைக் காலால் நகர்த்திக் கொடுத்தார், கண்ணில் சில்லு படாமலிருக்கத் தன் மூக்குக் கண்ணாடி ஒன்றையும் கொடுத்தார்.

நாச்சிமுத்து பயந்து பயந்து அடித்தார். உளி உடையவில்லை. கொஞ்சம் ஓங்கி அடித்தார். அப்போதும் உடையவில்லை. பத்து மணிக்குத் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. கல்லில் நகத்தளவு பள்ளம் விழுந்திருந்தது. உளி அப்படியே இருந்தது.

அடுத்த கூடத்தில் சபாபதி என்ற பெரியவர் ஓர் அம்மன் முகத்துக்கு இமை கொத்திக்கொண்டிருந்தார். பூவைத் தட்டுவதுபோல் தட்டினார். நாச்சிமுத்துவைக் கண்டதும் கூப்பிட்டார்.

“நேத்து உளி நீங்க போட்டதாமே? நேத்துல இருந்து ஒரே உளிங்க. இன்னும் மழுங்கலை. இப்படி எனக்கு நின்னதே இல்லை.”

நாச்சிமுத்து அந்த உளியை வாங்கிப் பார்த்தார். அதே மஞ்சள்.

திரும்பி வந்து தண்டபாணி அடிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தண்டபாணியின் வலது தோள் முழுவதும் பின்னால் போய் இறங்கியது. இறங்கியதும் உளியை இடது கையால் ஒரு நெம்பு நெம்பினார். கல் பிளந்து விழுந்தது. மறுபடி தோள், மறுபடி நெம்பல். நெம்பாமல் அவரால் ஓர் அடிகூட அடிக்க முடியவில்லை. உளியின் தலை ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது. சபாபதியின் உளித் தலையோ மொழுமொழுவென்று இருந்தது.

நாச்சிமுத்து அன்று சாயங்காலம் பட்டடையை எடுக்கப் போகவில்லை. மறுநாளும் கூடத்துக்குத்தான் வந்தார். பதினொரு நாள் அங்கேயே கல் கொத்தினார். கூடம் கூடமாகப் போய் உட்கார்ந்தார். ஒருவர் உளியைப் படுக்க வைத்து அடித்தார். இன்னொருவர் ஐந்து அடிக்கு ஒருமுறை நிறுத்தி வெற்றிலை மென்றார். இடது கைக்காரர் இருவர். உளியின் தலையைப் பார்த்தே இது இன்னாருடையது என்று சொல்ல வந்தது. இந்தத் தலைகளை வளர்மதி தினமும் காலையில் சாக்குப் பையிலிருந்து எடுத்து, ஒரு நொடி திருப்பிப் பார்த்து, உலையில் வைப்பார். நாற்பது நாள் பக்கத்திலேயே நின்றும், தான் நுனியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு உறைத்தது. அந்தம்மாவின் மேல் வந்த மரியாதையில் கொஞ்சநேரம் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் பட்டறைக்குப் போனார்.

வளர்மதி நிமிர்ந்து பார்த்தார். சாக்கிலிருந்து ஓர் உளியை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். தலை ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது.

“தண்டபாணிதுங்களா?”

“ஆமாங்க. தோய்ச்சல் வரைக்கும் நீங்களே.”

நாச்சிமுத்து காய்ச்சினார், அடித்தார், முக்கினார், தேய்த்தார். நிறம் இறங்கத் தொடங்கியது. ஏழு மஞ்சளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. முக்கிவிடக் கை துடித்தது. அடக்கிக்கொண்டார். பழுப்பு வந்தது, போனது. ஊதா வந்தது. அந்தத் தோளை நினைத்தார், அந்த நெம்பலை நினைத்தார். ஊதாவின் ஓரத்தில் நீலம் தலைகாட்டியபோது முக்கினார்.

தண்ணீர் சீறி அடங்கியது.

வளர்மதி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறோர் உளியை அடித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா அம்மணி?”

“இல்லீங்க.”

“சரியா வந்திருக்குதான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?”

வளர்மதி சுத்தியலை நிறுத்தினார்.

“கொண்டுபோய்க் குடுங்க. அவர் மொத அடி போடறப்ப, அவர் மூஞ்சிக்குப் பக்கத்துல உங்க மூஞ்சியை வெச்சுக்கங்க.”

நாச்சிமுத்து உளியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அதை மறுபடியும் உலையில் வைத்தார்.