வீட்டில் இருந்த குறை

ஊரையே அதட்டி வைத்திருந்த முன்னாள் தாசில்தார் அம்பலவாணருக்கு, சொந்த வீட்டை மட்டும் விற்க முடியவில்லை. வருகிறவர்கள் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள், யாரும் திரும்பவில்லை.

வேலைக்காரி செங்கமலத்தின் மேல் பாய்ந்தார். "இந்த வீட்டுல என்ன குறைன்னு பார்த்து இன்னைக்கே வெளியே அனுப்பு. இல்லேன்னா நீ வெளியே போ!"

"சரிங்கய்யா. நீங்க எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

அவர் திரும்புவதற்குள், வீடு பார்க்க வந்த இளம் தம்பதி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"என்ன குறை இருந்துச்சு?"

"நீங்கதாங்கய்யா. யார் வந்தாலும் அடுப்படியில நின்னு, 'இங்கதான் என் சிவகாமி நிப்பா'ன்னு கண்கலங்குறீங்க. அழுற மனுஷன்கிட்ட வீட்டை வாங்க யாருக்குங்க மனசு வரும்?"

அதட்டல் வரவில்லை. "அடுப்படியைப் பார்த்து அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒரே இருட்டா இருக்கு, ஜன்னல் வைக்கணும்னுச்சுங்க."

"அவளும் கடைசிவரைக்கும் அதைத்தான் கேட்டா" என்றார். "சாவியை அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடு."