ராஜாவின் தாடையும் நாலு வெற்றிலையும்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மூக்கு நுனியில் கோபம், காதில் விழுந்ததையெல்லாம் நம்புகிற சுபாவம். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் ஊர் என்ன பாடுபடும், நீங்களே சொல்லுங்கள்!

ஒரு நாள் காலைப் பலகாரத்துக்கு முறுக்கு வந்தது. ராஜா ஒரு கடி கடித்தார். காதோரம் 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், தாடை பிடித்துக்கொண்டது! வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. வலியோ காதுக்குள் புகுந்து நெற்றிப்பொட்டு வரைக்கும் தெறித்தது.

"பிரபு, இது சமையற்காரன் அய்யாறு செய்த சதி! மாவில் கல்லைப் பொடித்துக் கலந்திருக்கிறான். என் மைத்துனன் சமைத்தால் இப்படி நடக்குமா?" என்று குதித்தார் மந்திரி அகோரப்பர். மைத்துனனை அரண்மனைச் சமையலுக்குக் கொண்டுவர அவர் ஆலாய்ப் பறந்தது ஊருக்கே தெரியும், ராஜாவுக்கு மட்டும் தெரியாது.

பல்லைக் கடித்தபடியே ராஜா உறுமினார். "அவனைச் சிறையில் தள்ளுங்கள். அமாவாசைக்குள் என் தாடை சரியாகாவிட்டால் அவன் தலை இருக்காது!"

அமாவாசைக்கு எட்டே நாள்தான் இருந்தது.

செய்தி அரண்மனை நாவிதன் வைரவன் காதுக்கும் வந்தது. பஞ்சம் வந்த வருஷம் அவன் பெண்சாதி பிள்ளை பெற்றுக் கிடந்தபோது, நாற்பது நாள் தன் பங்குக் கஞ்சியை மூடி எடுத்துவந்து கொடுத்தவர் அய்யாறு. "உங்களுக்கு என்ன செய்வேன் அண்ணே?" என்று கேட்டதற்கு, "பிள்ளை பிழைச்சுக் கிடக்கட்டும், போடா" என்று சொல்லிவிட்டுப் போனவர். அந்த மனுஷரா சோற்றில் கல் கலப்பார்?

மறுநாள் காலை ராஜாவுக்குச் சவரம் செய்ய உட்கார்ந்தான் வைரவன். அகோரப்பர் வந்து ராஜாவின் காதில் குசுகுசுவென்று யாரைப் பற்றியோ வத்தி வைத்தார். வைரவன் சட்டென்று கத்தியைத் தூக்கிக்கொண்டான். ராஜாவின் கன்னத்தில், காதுக்குக் கீழே, எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு முண்டு புடைத்து நின்றது! அகோரப்பர் போனதும் அடங்கிவிட்டது. ஆறு மாசமாகத் தினமும் இதே கூத்துதான். அந்த இடத்தில் கத்தி வைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமா? கைக்குத் தெரிந்திருந்த சங்கதி இன்றைக்குத்தான் அவன் புத்திக்கு எட்டியது.

நேரே சபைக்குப் போனான். "மகாராஜா, உங்கள் தாடையைக் கெடுத்தது எது என்று நான் காட்டுகிறேன். குணமும் ஆக்குகிறேன். தவறினால் அய்யாறு அண்ணன் தலையோடு என் தலையும் போகட்டும்."

அகோரப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முடி வெட்டுகிறவன் வைத்தியனாகிவிட்டானா?"

"தலையைப் பிடித்துப் பிழைக்கிறவன் நான், சாமி. ஒரு நல்ல தலை போகிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?" என்றான் வைரவன்.

ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வைரவன் ஓர் இளம் வெற்றிலையை மடித்து ராஜாவின் கடைவாயில் செருகினான். "உதடு மூடியிருக்கட்டும் மகாராஜா, பல்லோடு பல் சேர வேண்டாம். ஒவ்வொருவராக வந்து மனசில் இருப்பதைப் பேசட்டும். வெற்றிலை சாட்சி சொல்லும்."

முதலில் வைத்தியர் வந்து தைலத்தைப் பற்றிச் சொன்னார். அடுத்து தளபதி வந்து குதிரைக்குக் கொள்ளு போதவில்லை என்றார். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் வைரவன் பழைய இலையை எடுத்துத் தட்டில் வைத்துப் புது இலை செருகினான். இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. மூன்றாவதாக விலங்கோடு அய்யாறு வந்தார். "மகாராஜா ஒழுங்காகச் சாப்பிட்டு இரண்டு நாளாச்சே. குழையக் குழையக் கஞ்சி வைத்துத் தரவாவது என்னைக் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிடக் கூடாதா?" என்றார். அந்த இலையும் கொடியில் பறித்த மாதிரியே வந்தது.

கடைசியில் அகோரப்பர். "பிரபு, வைத்தியர் தைலத்தில் தண்ணீர் கலக்கிறார். தளபதி கொள்ளு மூட்டைகளை விற்றுத் தின்கிறார். இந்த நாவிதன்..."

"போதும் சாமி" என்று வைரவன் இலையை எடுத்தான். ஆடு மேய்ந்த மாதிரி கந்தலாகிக் கிடந்தது அது!

"நான் கடிக்கவே இல்லையே!" என்றார் ராஜா.

"கடிப்பது உங்களுக்கே தெரியவில்லை மகாராஜா, அதுதான் வியாதி. இவர் வந்து ஓதும்போதெல்லாம் ஆறு மாசமாய்ப் பல்லைக் கடித்துக் கடித்து உங்கள் தாடைப் பூட்டு நொந்து போயிருந்தது. முறுக்கு பாவம், கடைசியாக வந்து மாட்டிக்கொண்டது."

ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. விரலுக்கடியில் முண்டு கல்லாய் நின்றது. மெல்லப் பல்லைத் தளர்த்தினார்.

"அகோரப்பரே, இத்தனை நாள் நீர் சொன்னதில் ஒன்றுக்காவது அத்தாட்சி உண்டா?"

அகோரப்பர் மெல்ல வாசல் பக்கம் நழுவப் பார்த்தார்.

"இனி சபைக்கு வந்தால் உம் வாயிலும் ஒரு வெற்றிலை இருக்கும். சாயங்காலம் பல் படாமல் என்னிடம் திருப்பித் தர வேண்டும்" என்றார் ராஜா.

அப்புறம் என்ன? தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தான் வைரவன். மூன்று வேளையும் விலங்கு அவிழ்ந்த அய்யாறு வைத்த குழைந்த கஞ்சி. கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கை முட்டுக் கொடுக்கச் சொன்னான். அமாவாசைக்கு முதல் நாள் ராஜாவின் வாய் மூன்று விரல் அளவுக்குத் திறந்தது. திறந்த வாயால் முதலில் அய்யாறிடம்தான் பேசினார்.

"விசாரிக்காமல் உம் தலையைக் கேட்டேன். நீர் எனக்குக் கஞ்சி வைத்தீர். மன்னித்துக்கொள்ளும்."

அய்யாறு வைரவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உனக்கு என்னடா செய்வேன்?" என்றார். "நீங்க பிழைச்சுக் கிடந்தா போதும், போங்கண்ணே" என்றான் வைரவன்.

பரிசாக நாலு காணி நன்செய் எழுதிக் கொடுத்தார் ராஜா. ஆனால் வைரவன் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது அந்த நிலத்தைப் பற்றி அல்ல, மறுநாள் காலைச் சவரத்தைப் பற்றித்தான். அன்றைக்குக் காதோரம் வைத்த கத்தி ஓரிடத்திலும் நிற்காமல் மோவாய் வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ரொம்ப நன்றிப்பா, வைரவா" என்றார் ராஜா.

"பேசாதீங்க மகாராஜா, கத்தி பட்டுடும்" என்று சொல்லிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான் வைரவன்.