சர்வேயர் கட்டிய வேலி

மலையடிவாரத்தில், டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும் ஒரு தார்ச்சாலையை ஒட்டி அந்த ஆசிரமம் இருந்தது. பெரிய ஆசிரமம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, கிணறு ஒன்று, வேலியோரம் ஒரு வேப்பமரம், ஒன்பது சீடர்கள், அவ்வளவுதான். குருவின் பெயர் நாச்சியாரம்மா. நாற்பது வயது இருக்கும். சீடர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

தணிகாசலம் அவர்களில் ஒருவர். முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டவருக்குத் தன் மனசை ஓர் இடத்தில் உட்கார வைக்கத் தெரியவில்லை. அதற்காகத்தான் வந்தேன் என்று அவரே சொல்வார்.

ஆசிரமத்தில் ஒரே ஒரு விதி. மாலை நான்கு மணியிலிருந்து ஐந்து மணி வரை எல்லோரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். எங்கே உட்கார்வது என்பது அவரவர் விருப்பம். தணிகாசலம் கிணற்றுக்குப் பின்னால் உட்கார்வதாகச் சொல்லியிருந்தார். உட்காரவும் செய்வார், பத்து நிமிடம். அப்புறம் கால் மரத்துப்போகும். முதுகு அரிக்கும். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் டீக்கடை ஞாபகத்துக்கு வரும். ஆசிரமத்தில் கொடுப்பதோ மல்லிக் காபி. அதைக் காபி என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, சத்தமில்லாமல் சாத்தி, கொக்கியும் போட்டுவிட்டு நழுவிவிடுவார். இஞ்சி டீ, பேப்பர், அரசியல் பேச நாலு பேர். ஐந்து மணிக்குள் திரும்பிவிடுவார். இது யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை.

ஐப்பசி மழையில் ஒரு நாய் வந்து சேர்ந்தது. பின்னங்காலில் புண். தணிகாசலம்தான் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டு ஆற்றினார். காய்ந்து சுருங்கிக் கிடந்ததால் சுக்கு என்று பெயர் வைத்தார். புண் ஆறியதும் சுக்கு அவருடைய நிழலாகிவிட்டது. மனைவி போன பிறகு அவர் வீட்டுக்கு வருகிறாரா இல்லையா என்று பார்க்க ஆளில்லாமல் இருந்தது. இப்போது அவர் குளித்துவிட்டு வரும்வரை கிணற்றடியில் ஒரு ஜீவன் காத்துக்கொண்டிருந்தது. அந்த நாய்மேல் அவர் உயிரையே வைத்திருந்தார்.

கார்த்திகையில் சுக்கு வேலி தாண்ட ஆரம்பித்தது.

முதல் நாள் டீக்கடையிலிருந்து திரும்பும்போது பார்த்தார். சாலை ஓரத்தில் சுக்கு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிப்பர் அதன் மூக்கை உரசுகிற மாதிரி போனது. அதே இடத்தில் போன மாதம்தான் ஓர் ஆடு லாரிச் சக்கரத்தில் மாட்டிச் செத்திருந்தது. ஓடிப்போய் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல வேளை, நாம் டீ குடிக்கப் போனோம், இல்லாவிட்டால் இதை யார் காப்பாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டேப்பை எடுத்து வேலியை அளந்தார். நாலடி. கம்பி வேலிக்கு மேலே மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டி நாலே காலடி ஆக்கினார்.

சுக்கு தாண்டியது.

நாலரை ஆக்கினார். மூன்று நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் அதையும் தாண்டியது. இப்படியே மார்கழி முழுக்க நடந்தது. அவர் கால் அடி கூட்டுவார். அது கால் அடி கூட எம்பும். தாண்டிய நாளெல்லாம் ஐந்து மணிக்குள் அதைச் சாலை ஓரத்திலிருந்து பிடித்து வருவார்.

நாச்சியாரம்மா ஒரு நாள் கிணற்றடியில் அவரை நிறுத்தினார்.

"இப்போ எவ்ளோ சர்வேயர் ஐயா?"

"அஞ்சே முக்கால் அடி அம்மா. நேத்து அதையும் தாண்டிடுச்சு. முன்னங்காலால பத்தையைப் புடிச்சு ஏறுது. எங்கதான் கத்துக்கிச்சோ!"

"மொத நாளே அஞ்சே முக்கால் வெச்சிருந்தா?"

தணிகாசலம் யோசித்தார். "தாண்டியிருக்காது."

"அசையாம உக்கார்றதைத் தெனம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்கன்னு நான் ஒம்பது பேருக்குச் சொல்லிக் குடுத்தேன். அவங்க கேக்கலை. நீங்க சுக்குக்குச் சொல்லிக் குடுத்தீங்க, அது கேட்டுடுச்சு. என்னைவிட நீங்க நல்ல குரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்துவைத்தார். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. அன்றைக்கே டவுனுக்குப் போய் ஒரு சங்கிலியும் கழுத்துப் பட்டையும் வாங்கி வந்தார்.

மறுநாள் நான்கு மணிக்குச் சுக்கை வேப்பமரத்தில் கட்டினார். பத்து நிமிடம் கிணற்றுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கேட்டைச் சாத்தினார். போனார்.

அன்று டீ ருசியாக இருந்தது. திரும்பும்போது சாலை ஓரத்தில் சுக்கு இல்லை. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. வேலியை ஒட்டிய பாதையில் நிதானமாக நடந்து வந்தவர், வேப்பமரத்துக்கு நேரே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சுக்கு வேலியைத் தாண்டியிருந்தது. சங்கிலி தாண்டவில்லை. நாய் வேலிக்கு வெளியே கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னங்கால் விரல்கள் மட்டும் மண்ணைத் தொட்டுத் தொட்டு விலகின. நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

"அம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

அவர் நாயைத் தாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நாச்சியாரம்மா உள்பக்கமிருந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டு ஓடிவந்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். இருவரும் மண்ணில் உட்கார்ந்து அதன் நெஞ்சைத் தேய்த்தார்கள். வெகு நேரம் கழித்து ஓர் இருமல் வந்தது. அப்புறம் மூச்சு வந்தது. கண்ணைத் திறந்த நாய், முதல் வேலையாகத் தணிகாசலத்தின் கையை நக்கியது.

ஐம்பத்தொன்பது வயது மனிதர் எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார்.

"நான்தாம்மா கொல்லப் பாத்தேன். வேலி போட்டா ஏறுது. கட்டினா தொங்குது. விட்டா லாரியில மாட்டிக்கும். இன்னொரு தடவை இதை இப்படிப் பாத்தேன்னா நான் இருக்க மாட்டேன். இதை எப்படித்தான் உள்ள வெக்கிறது? நீங்களே சொல்லுங்க."

நாச்சியாரம்மா அவர் சட்டையில் ஒட்டியிருந்த நாய் முடியைத் தட்டிவிட்டார். அந்தச் சட்டையில் இஞ்சி டீ வாசம் அடித்தது.

"நாளைக்கு நாலு மணிக்கு வேப்ப மரத்தடியில உக்காருங்க. பக்கத்துல அதை விட்டுடுங்க. சங்கிலி வேணாம்."

"சரிம்மா."

"கேட்டைத் தொறந்து வெக்கணும்."

தணிகாசலம் பதறிப்போனார். "தொறந்தா? என்னம்மா சொல்றீங்க? எதுக்க ரோடு!"

"வெளியில நான் கயித்தோட நிக்கிறேன். என்னைத் தாண்டிப் போவாது. நீங்க எழுந்திருக்கக் கூடாது. அது ஒண்ணுதான் உங்க வேலை."

மறுநாள் அப்படியே செய்தார்கள். கேட் விரியத் திறந்திருந்தது. வெளியே நாச்சியாரம்மா கையில் கயிற்றுடன் நின்றார். தணிகாசலம் மரத்தடியில் உட்கார்ந்தார். கண்ணை மூட எங்கே மனசு வரும்? நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுக்கு முதலில் கேட்டைப் பார்த்தது. அப்புறம் அவரைப் பார்த்தது. கால் மடக்கி அவர் தொடையை ஒட்டிப் படுத்தது. பத்து நிமிடம் ஆனதும், வழக்கமாக அவர் எழுந்திருக்கும் அந்த நேரத்தில், எழுந்து காதை நிமிர்த்தி அவர் முகத்தையே பார்த்தது. அவர் அசையவில்லை. அதுவும் திரும்பப் படுத்துவிட்டது. அவர் பாதத்தின் மேல் முகவாயை வைத்துக்கொண்டது.

ஒரு டிப்பர் போனது. சுக்கின் ஒரு காது மட்டும் அசைந்தது. இரண்டாவது டிப்பருக்கு அதுவும் இல்லை. டீக்கடையிலிருந்து யாரோ உரக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாய் குறட்டை விட ஆரம்பித்தது. அதன் மூச்சு அவர் கால்விரல்களில் சூடாகப் பட்டது. அதையே கவனித்துக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போனது. எழுந்தால் நாய் விழித்துக்கொள்ளுமே என்று அப்படியே விட்டுவிட்டார்.

மணி அடித்தது. எதற்கு இப்போது அடிக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார். ஐந்தாகியிருந்தது.

நாச்சியாரம்மா கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கயிறு சுற்றியது சுற்றியபடியே இருந்தது.

தணிகாசலத்துக்கு நம்பவே முடியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அஞ்சே முக்கால் அடியைத் தாண்டின நாய் அம்மா இது. இன்னைக்குக் கேட்டே தொறந்து கெடந்துச்சு. ஏன் போவலை?"

நாச்சியாரம்மா குனிந்து சுக்கின் கழுத்தில் பட்டை அறுத்திருந்த இடத்தை விரலால் தடவினார்.

"இன்னைக்கு நீங்க போவலையே."

தணிகாசலம் சாத்தியிருந்த கேட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் கால் லேசாக அசைந்ததும் சுக்கு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவர் எழுந்திருக்கவில்லை.