ஐந்து பொத்தான் தேர்

மருதங்கோட்டை ராஜா உக்கிரசிங்கன் பேரில்தான் சிங்கம். ராணி ஒரு பார்வை பார்த்தால் பூனை. "இனிமேல் இனிப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது" என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனாலும் போனார், ராணியின் கண் ராஜாவின் வாயை விட்டு நகரவில்லை. ராஜா என்ன செய்வார், பாவம்! கதவு வைத்த தேர் ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்குள் அதிரசப் பானையை ஒளித்துவைத்து, உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றுவந்தார்.

அந்தத் தேருக்குச் சாவி கிடையாது. சாவி இருந்தால் ராணி அதை இடுப்பில் செருகிக்கொள்வாளே! அதனால் திண்டுக்கல் பூட்டுக்காரர் ஒருவர் கதவில் ஐந்து பித்தளைப் பொத்தான்களைப் பதித்துக் கொடுத்தார். சரியான எண்ணை ஐந்து அழுத்தாக அழுத்தினால் கதவு திறக்கும். மூன்று தரம் தப்பான எண்ணை அழுத்தினால் கதவு இறுகிக்கொண்டு, தேருக்கு அடியில் இருக்கும் மணி ஊரைக் கூட்டிவிடும். எண்ணை மாற்றவும் வழி உண்டு. பூட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த தாய் எண்ணை அழுத்தி, சட்டென்று முதல் பொத்தானைத் தொட்டு, பிறகு புது எண்ணை அழுத்த வேண்டும்.

இதைக் கேட்டதுமே ராஜாவுக்குத் தலை சுற்றியது. தாய் எண்ணை அரண்மனை வாயாடி வெண்காடன் தலையில் கட்டிவிட்டார்.

"உங்களுக்கு என்ன எண் வைக்கட்டும், மகாராஜா?"

"ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு."

"கடைசியில் எதற்கு இரண்டு?"

"யாரும் சுலபமாகக் கண்டுபிடிக்கக் கூடாதல்லவா!"

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் ஒருநாள் பானை காலி. ராஜா சபையில் குதித்தார். அதிரசம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "ராஜாங்க ரகசியம் களவு போய்விட்டது!" என்று கத்தினார்.

முதல் மந்திரி வல்லபராயருக்கு வெண்காடனைக் கண்டால் ஆகாது. சமயம் வாய்த்ததும் எழுந்தார். "எண் தெரிந்தவர்கள் இரண்டே பேர், மகாராஜா. தங்கள் தேரில் தாங்களே திருடுவீர்களா? மிச்சம் யார்?"

"அதானே!" என்றார் ராஜா. "வெண்காடா, நாளைப் பொழுது சாய்வதற்குள் திருடனைக் கொண்டு வா. இல்லாவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி ஊரை விட்டே துரத்திவிடுவேன்!"

வெண்காடன் ராஜாவின் காலில் விழுந்தான். மூன்று தலைமுறையாக இருக்கும் ஊர். கழுதைமேலா போவது? "தேரை ஒருதரம் திறந்து காட்டுங்கள், மகாராஜா" என்று கெஞ்சினான்.

ராஜா தேரடிக்குப் போய்ப் பொத்தானில் விரல் வைத்தார். பின்னால் நின்ற கட்டியக்காரன் இடும்பன் மார்பை நிமிர்த்தினான். ராஜா எதைச் செய்தாலும் ஊரறியச் சொல்வது அவன் வேலை.

"ராஜாதி ராஜ உக்கிரசிங்க மகாராஜா ஒன்றை அழுத்தியருளினார்! பராக்! மறுபடியும் ஒன்றை அழுத்தியருளினார்! பராக்! பராக்!"

கடைத்தெரு வரைக்கும் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் பழகிப்போன குரல். அதை யாரும் குரலாகவே நினைப்பதில்லை. வெண்காடனே அன்றைக்குத்தான் காதில் வாங்கினான். போன உயிர் திரும்பி வந்தது.

"மகாராஜா, எண்ணை மாற்றிவிடுவோம்" என்றான்.

அவன் தாய் எண்ணை அழுத்தினான். இடும்பன் வாயே திறக்கவில்லை. வெண்காடனுக்கெல்லாம் யார் கட்டியம் கூறுவார்கள்? பிறகு ராஜா இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று அழுத்த, இடும்பன் ஒவ்வொன்றையும் முழங்கித் தீர்த்தான். ராஜா போனதும் வெண்காடன் புதிதாக ஒரு பானை அதிரசத்தை உள்ளே வைத்தான். கதவைச் சாத்தினான். தாய் எண்ணை மறுபடியும் அழுத்தி, சத்தமில்லாமல் வேறொரு எண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான்.

மறுநாள் மத்தியானம். உண்ட மயக்கத்தில் அரண்மனையே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று தேர் மணி கணகணவென்று அடித்தது. எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். பொத்தானில் வைத்த விரலை எடுக்கவும் மறந்து, வேர்த்து விறுவிறுத்து நின்றார் வல்லபராயர்.

"நான்... பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வந்தேன், மகாராஜா!"

"அதற்குக் கதவை ஒருதரம் இழுத்தால் போதுமே, மந்திரியாரே!" என்றான் வெண்காடன். "மணி அடிக்க வேண்டுமானால் மூன்று தரம் தப்பான எண்ணை அழுத்த வேண்டும்."

"தப்பா? இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று! சரியாகத்தானே அழுத்தினேன்!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜாவுக்குக் கண் சிவந்தது. "என் எண்ணை உமக்கு எவன் சொன்னான்?"

வெண்காடன் இடும்பனைக் கை காட்டினான்.

"ராஜாதி ராஜ உக்கிரசிங்க மகாராஜா திகைத்து நின்றருளினார்! பராக்!" என்றான் இடும்பன்.

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். அதையும் இடும்பன் ஊருக்குச் சொன்னான். வெண்காடனுக்குப் பேசிவைத்த கழுதை வல்லபராயருக்கு வாய்த்தது.

"சரி வெண்காடா, புது எண் என்ன?"

"சொல்ல மாட்டேன், மகாராஜா. சொன்னால் நீங்கள் அழுத்துவீர்கள். நீங்கள் அழுத்தினால் ஊரே அழுத்தும்."

"பிடிவாதக்காரன்! நீயே திற."

தாய் எண்ணால் இறுக்கத்தை நீக்கித் திறந்தான். நெய் வாசனை குப்பென்று வந்தது. ராஜா ஆவலோடு ஒரு அதிரசத்தை எடுத்தார். இடும்பன் மார்பை நிமிர்த்தி மூச்சை இழுத்தான். மேலே அந்தப்புரத்து ஜன்னல் திறந்திருந்தது.

ராஜாவின் கை அப்படியே நின்றது. இடும்பனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அதிரசத்தைப் பானையில் போட்டு, பானையையே வெண்காடன் கையில் திணித்தார்.

"இந்தா, உனக்குப் பரிசு. தின்று தொலை!"

வெண்காடன் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பானையைக் காலி செய்தான். இடும்பன் வாயே திறக்கவில்லை.