அலை மண்டபத்துக்கு ஒரு சாட்சி

முன்னொரு காலத்தில், மழைக்குப் பஞ்சமில்லாத மஞ்சணத்தி நாட்டை மேகவண்ண பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிடக் கனவு கண்டார் என்பதே சரி. காலையில் சபை கூடியதும் தாம் கண்ட கனவைச் சொல்லத் தொடங்குவார், மந்திரிகள் தலையாட்டுவார்கள், பாதிப் பகல் போய்விடும். குடிகளுக்கு அதில் குறையொன்றும் இல்லை. கனவு காணுகிற ராஜா சண்டைக்குப் போகமாட்டாரே.

அந்த நாட்டுத் தலைநகரின் நடுவீதியில் வீடு, கடை எல்லாம் ஒரே அச்சு. ஒரே உயரம், ஒரே வெள்ளைச் சுவர், ஒரே மாதிரிக் கதவு. பூபதியின் தாத்தா போட்ட சட்டம் அது. ஒருவன் வீட்டைப் பார்த்து இன்னொருவன் பொறாமைப்படக் கூடாதாம். பொறாமை குறைந்ததோ இல்லையோ, வழி தவறுகிறவர்கள் பெருகிப்போனார்கள். மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருவன் பக்கத்து வீட்டில் நுழைந்து, தலைவாழை இலையில் விருந்து சாப்பிட்டு, தாம்பூலமும் வாங்கிக்கொண்டு போனான். அந்த வீட்டாரும் யாரோ சொந்தக்காரன் என்று பரிமாறிவிட்டார்கள்.

ஒரு மழையில் நடுவீதியின் பழைய தானியக் கிடங்கு இடிந்து விழுந்தது. அதற்கடுத்த நாளே ராஜாவுக்கு ஒரு கனவு. கிடங்கு இருந்த இடத்தில் ஒரு மண்டபம். அதன் கூரை அலைபோல ஏறி இறங்குகிறது. கூரை வழியே வெளிச்சம் வட்டவட்டமாகச் சொட்டுகிறது. உள்ளே போகிறவர்கள் நடை தளர்ந்து, வந்த வேலையை மறந்து நிற்கிறார்கள். விழித்த பிறகும் அந்த மண்டபம் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

கோட்டைக் கொத்தர்களுக்குத் தலைவியான அஞ்சுகத்தை அழைத்து, பக்கத்திலேயே உட்காரவைத்துக் கனவைச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கும் அது தெரிந்தது.

“கூரை தாழ்றது ஆத்துப் பக்கமா, மகாராசா?”

“ஆமாம். உனக்கு எப்படித் தெரியும்?”

“காத்து அங்கிருந்துதானே வருது.”

வீதி அதிகாரி திருமலைக்கொழுந்துக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாக முழக்கோலும் கையுமாக அலைந்து, ஒரு விரல் உயர்ந்த சுவரைக்கூட இடிக்கவைத்தவர் அவர். ராஜாவின் பக்கத்தில் அவர் ஒரு நாளாவது உட்கார்ந்ததுண்டா? தாத்தா சட்டத்தை மீறலாமா, ஊர் நடுவில் கோணலாக ஒன்று நின்றால் ஜனங்கள் சிரிக்கமாட்டார்களா என்று ராஜாவின் காதில் ஓதினார்.

ராஜாவின் மனசு காற்றடித்த பக்கம் சாய்கிற மனசு. மூங்கிலிலும் துணியிலும் மண்டபத்தை ஏழு நாள் நிறுத்திக் காட்டச் சொன்னார். ஊரில் ஒரு குரலாவது அது வேண்டுமென்று சொன்னால் கல்லில் கட்டலாம். இல்லாவிட்டால், ராஜாவின் கனவைப் பார்த்து ஊரைச் சிரிக்கவைத்த குற்றத்துக்கு அஞ்சுகம் நாட்டை விட்டுப் போகவேண்டும்.

கனவு கண்டது ராஜா, குற்றம் அஞ்சுகத்துக்கு. அரண்மனை நியாயம் அப்படித்தான். கோட்டைச் சுவரில் அவள் கை படாத கல் இல்லை; இந்த ஊரை விட்டால் அவளுக்கு வேறு ஊர் தெரியாது. ஆனாலும் சரி என்றாள். கண்ணுக்குள் எழும்பிவிட்ட மண்டபத்தை அவளால் இடிக்க முடியவில்லை.

மண்டபம் நின்றது. வெயில் துணியில் விழுந்து பால்போல இறங்கிற்று. கூடைக்காரிகள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்தார்கள். வண்டிக்காரர்கள் கண்ணயர்ந்தார்கள். ஆனால் எப்படியிருக்கிறது என்று அஞ்சுகம் கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் மிளகு வியாபாரி ஒருவர் மெல்லச் சொன்னார்:

“நல்லாருக்குன்னு சொல்றவன் கடையை நாறுற தோல் கொட்டகைக்குப் பின்னால தள்ளிடுவேன்னு அதிகாரி மிரட்டியிருக்காரு, தாயி. நாங்க என்ன பண்ண?”

அஞ்சுகத்துக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழவும் செய்தாள். பிறகு மண்டபத்தடியிலேயே படுத்து, போகிற வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாள் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது.

ஏழாம் நாள் சபை கூடியது. மண்டபம் வேண்டுமா என்று ராஜா கேட்டார். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ராஜாவின் முகம் வாடிவிட்டது. அவர் கனவும் அல்லவா நாடு கடத்தப்படுகிறது! திருமலைக்கொழுந்து மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் அவருக்கு அறுபதாம் கல்யாணம். சபை முழுவதையும் அழைத்திருந்தார்.

அஞ்சுகம் எழுந்து கும்பிட்டாள். “போறேன், மகாராசா. போறதுக்கு முன்னால அதிகாரி ஐயா வீட்டு விசேஷத்துல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன். நடுவீதியில எல்லா வீடும் ஒண்ணுபோல இருக்கு. ஐயா வீட்டுக்கு வழி சொன்னா நல்லது.”

வென்ற மனுஷருக்குத் தாராளம் வந்துவிட்டது. “தாராளமாக வா, அம்மா. இதிலென்ன கஷ்டம்? அந்த அலை மண்டபத்திலிருந்து தெற்கே மூன்றாவது வீடு.”

முதலில் மிளகு வியாபாரி சிரித்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாளாக மண்டபத்தடியில் அஞ்சுகம் கேட்டதும் இதே மாதிரி வழி சொல்லும் பேச்சைத்தான்.

“போன வாரம்வரை எப்படி வழி சொன்னீர்?” என்று ராஜா கேட்டார்.

“ஆளனுப்பிக் கூட்டிவரச் சொல்வேன், பிரபு,” என்றார் அவர், குரல் இறங்கி.

“ஒரு குரல் கேட்டேன். உம்முடைய குரலே கிடைத்துவிட்டது. உமக்கே அது வேண்டியிருக்கிறதே.”

அன்றே தாத்தா சட்டம் போயிற்று; மண்டபத்தைக் கல்லில் கட்ட உத்தரவும் ஆயிற்று. முழக்கோலை வாங்கி வைத்துக்கொண்டு, சந்தை நாள்தோறும் மண்டபத்தடியில் நின்று வெளியூராருக்கு வழி சொல்லும் உத்தியோகத்தை ராஜா திருமலைக்கொழுந்துக்குக் கொடுத்தார். அஞ்சுகத்துக்குப் பட்டுப் போர்த்தி, தம் பக்கத்தில் நிரந்தரமாக ஓர் ஆசனம் போட்டார். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“அஞ்சுகம், இனி நடுவீதி முழுக்க இடித்துவிட்டு எல்லா வீட்டையும் அலை அலையாகக் கட்டிவிடுவோமா?”

“வேண்டாம், மகாராசா. எல்லாமே அலையாயிட்டா, அதிகாரி ஐயா வீட்டை மறுபடியும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

ராஜா சபையைக் கலைத்துவிட்டு, அவளோடு நடந்துபோய் மண்டபத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கதை கேட்ட நீங்களும் அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.